பாற்பல்லும் பாற்புட்டியும்

குழந்தையின் பல் சொத்தையாகிவிட்டது என்று எவரேனும் சுட்டிக்காட்டினால், நம் இல்லங்களில் எழும் விடை பெரும்பாலும் ஒன்றே: “விழப்போகும் பல்தானே, அதற்கென்ன?” தமிழகத்தில் மட்டுமன்று, பிழைப்பை நாடி டில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் குடியேறிய தமிழர் இல்லங்களிலும் இவ்விடையைக் கேட்கலாம். அண்டை வீட்டுப் பஞ்சாபியரும் வங்காளியரும் தத்தம் மொழியில் இதனையே கூறுவர். பாட்டிமார் வழிவழியாகச் சொல்லிவந்த இச்சொல் ஒரு காலத்தில் பெருந்தீங்கு எதனையும் விளைவிக்கவில்லை. இன்றோ விளைவிக்கின்றது. இடையில் நேர்ந்தது என்ன என்பதே இப்பேச்சின் பொருள்.

பல்லைப் பேணுவதில் இந்நாடு பிற நாடுகளுக்குப் பிற்பட்டு நின்றதில்லை. ஆலங்குச்சியும் வேலங்குச்சியும் பல்லுக்கு உறுதி தரும் என்பது தமிழ்க் குழந்தைகள் அனைவரும் அறிந்த முதுமொழி. வடமொழி மருத்துவ நூல்களில் இதற்கு விரிவான இலக்கணமே உண்டு. நாள்தோறும் இருமுறை பல் துலக்க வேண்டும் என்று சரகர் விதித்தார். குச்சி பன்னிரண்டு விரற்கடை நீளமும் சுண்டுவிரல் பருமனும் உடையதாய், கணுவும் துளையும் இன்றி இருத்தல் வேண்டும் என்றார் சுசுருதர். கைப்புச் சுவையுடையவற்றுள் வேம்பும், துவர்ப்புடையவற்றுள் கருங்காலியும் சிறந்தவை என்று தரம் பிரித்தவரும் அவரே. வாயில் தோன்றும் நோய்களை ஏழு இடங்களில் வைத்து அறுபத்தைந்தாக அவர் எண்ணியுள்ளார். அவற்றுள் ஒன்று ‘கிருமிதந்தம்’, அதாவது புழு அரித்த பல்.

பௌத்தத் துறவியரின் ஒழுக்க நூலாகிய விநய பிடகத்தில் பற்குச்சியைப் பற்றிய ஒரு செய்தி வருகின்றது. அதனைச் சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. பல் துலக்காத துறவியரின் வாய் நாற்றம் எடுத்ததால், பற்குச்சியைப் பயன்படுத்துமாறு புத்தர் பெருமான் இசைவளித்தார். உடனே சிலர் மிக நீண்ட குச்சிகளை வைத்துக்கொண்டு, அவற்றாலேயே இளந்துறவியரை அடிக்கத் தொடங்கினராம். எனவே எட்டு விரற்கடைக்கு மேல் குச்சி நீளலாகாது என்று விதி பிறந்தது. பிறகு ஒருவர் மிகக் குறுகிய குச்சியைக் கடிக்கப்போய், அது தொண்டையில் சிக்கிக்கொண்டது. எனவே நான்கு விரற்கடைக்குக் குறையலாகாது என்று மற்றொரு விதியும் பிறந்தது. விதிகள் எவ்வாறு பிறக்கின்றன என்பதற்கு இதனினும் இனிய சான்று வேண்டுமோ?

ஏழாம் நூற்றாண்டில் நாலந்தாவில் பல்லாண்டு தங்கிப் பயின்ற சீனத் துறவி இத்சிங், தம் நாட்டாருக்காக எழுதிய குறிப்பில் பற்குச்சிக்கென ஒரு பகுதியையே ஒதுக்கினார். இந்நாட்டில் பல்வலி மிக அரிது என்றும், காலைதோறும் குச்சியை மெல்லுவதே அதற்குக் காரணம் என்றும் அவர் கருதினார். இன்றும் பீகாரிலும் உத்தரப் பிரதேசத்திலும் இரயில் நிலையங்களின் வாயிலில், ‘தாதுன்’ என்று பெயர் சொல்லி வேப்பங்குச்சிக் கட்டுகளை விற்போரைக் காணலாம். ஊரை விட்டு வந்த தமிழர் அக்கட்டுகளைக் கண்டதும் தம் வீட்டுக் கொல்லைப்புற வேம்பை நினைத்துக்கொள்வது இயல்பு.

எனினும் ஒன்று கருதத்தக்கது. இத்துணை இலக்கணமும் யாருக்கு? குச்சியைக் கடித்து, நுனியைத் தூரிகைபோல் நைத்து, துலக்கி, உமிழத் தெரிந்தவருக்கு. இரண்டு வயதுக் குழந்தைக்கு இவற்றுள் ஒன்றும் இயலாது. குழந்தை மருத்துவத்துக்கென்றே எழுந்த பழைய நூல் காசியப சங்கிதை. நேபாளத்தில் கிடைத்த ஒற்றைச் சுவடியைக் கொண்டு 1938-ஆம் ஆண்டில் அந்நூல் அச்சேறியது. பல் முளைத்தலைக் குறித்து அதில் தனி அத்தியாயமே இருக்கின்றது. முப்பத்திரண்டு பற்களுள் எட்டு ஒரு முறையே பிறப்பவை, ஏனையவை இருமுறை பிறப்பவை என்று அது கணக்கிடுகின்றது. இக்காலக் கணக்கு சற்று வேறு. இருமுறை முளைக்கும் இடங்கள் இருபது. எஞ்சிய பன்னிரண்டு கடைவாய்ப் பற்களும் ஒரு முறையே தோன்றுபவை. எண்ணிக்கை வேறுபட்டாலும், வடமொழியில் பல்லுக்கும் பறவைக்கும் ‘துவிஜம்’, அதாவது இருபிறப்பி என்ற ஒரே பெயர் வழங்குவதன் கருத்து இதனால் விளங்கும். ஆனால் முதற்பிறப்பை எவ்வாறு காப்பது என்னும் வினா பழங்காலத்தில் வலுப்பெறவில்லை. அதற்கு அந்நாளில் தேவையும் மிகுதியாக இல்லை. தாய்ப்பாலும், பிறகு கஞ்சியும் சோறும் கூழும் உண்ட குழந்தையின் வாயில் நாள் முழுதும் இனிப்பு தங்கியிருக்க வழி ஏது?

பல்லை அரிப்பது புழுவே என்னும் நம்பிக்கை மட்டும் உலகம் முழுவதும் பரவியிருந்தது. இந்தியில் ‘பல்லில் கீடா’ என்பர். வங்காளத்தில் ‘போக்கா’ என்பர். நாம் ‘பூச்சிப்பல்’ என்கிறோம். வங்காளத்தில் ‘பேதே’ எனப்படும் நாடோடிக் குலத்துப் பெண்கள் ஊர் ஊராகச் சென்று, பல்லிலிருந்து புழு எடுத்துக் காட்டிக் கூலி பெற்றுவந்தனர். தமிழ்நாட்டில் கண்டங்கத்திரி விதையை நெருப்பிலிட்டு, அதன் புகையை வாயில் பிடித்தால் புழு உதிரும் என்றனர். ஐரோப்பியரும் இதற்கு விலக்கல்லர். அவர்கள் குரோசாணி ஓமத்தின் விதையைப் புகைத்தனர். சூடேறிய விதை வெடித்து வெளிவந்த வெண்ணிற முளைக்கருவே, பார்த்தவர் கண்ணுக்குப் புழுவாகத் தோன்றியது. பிரெஞ்சுப் பல் வைத்தியர் பியர் போஷார் 1728-இல் வெளியிட்ட பெருநூலில், சொத்தைப் பற்களை உருப்பெருக்கிக் கண்ணாடியால் ஆராய்ந்தும் தாம் புழுவைக் கண்டதில்லை என்ற கருத்தைத் துணிந்து எழுதினார். சர்க்கரை பல்லுக்குப் பகை என்பதையும் அவர் உணர்ந்திருந்தார்.

உண்மையை வெளிப்படுத்தியவர் பெர்லினில் பணியாற்றிய அமெரிக்கர் வில்லோபி மில்லர். பிடுங்கிய பற்களை அவர் ரொட்டியும் உமிழ்நீரும் கலந்த கலவையில் இட்டு, உடலின் வெப்பத்திலேயே வைத்திருந்தார். பற்கள் மெல்ல மெல்லக் கரைந்தன. இறைச்சியில் இட்டவை அவ்வாறு கரையவில்லை. வாயில் வாழும் நுண்கிருமிகள் மாவுப்பொருளையும் சர்க்கரையையும் உண்டு அமிலத்தை வெளியிடுகின்றன. அவ்வமிலமே பல்லின் மேற்பூச்சாகிய எனாமலைக் கரைக்கின்றது என்று அவர் 1890-இல் வெளியான நூலில் விளக்கினார். இவ்வேலையில் முன்னிற்கும் கிருமியை 1924-இல் கிளார்க் என்னும் ஆங்கில அறிஞர் இனங்கண்டு, ‘ஸ்டிரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ்’ என்று பெயரிட்டார். ஆக, புழு என்று நம் முன்னோர் கூறியது முற்றிலும் பிழையென்று சொல்வதற்கில்லை. உயிர்ப்பொருள் ஒன்று அங்கே இருக்கத்தான் செய்கின்றது; அது கண்ணுக்குத் தெரியாதது, புகைக்கு அஞ்சாதது.

கிருமி இருந்தால் மட்டும் போதாது. அதற்குத் தீனி வேண்டும். கரும்புச் சாற்றைக் காய்ச்சி மணிமணியாகச் சர்க்கரை எடுக்கும் கலையை உலகுக்குக் கற்பித்த நாடு இந்தியாவே. ஆயினும் வெள்ளைச் சர்க்கரை நெடுங்காலம் செல்வருடைய பண்டமாகவே இருந்தது. 1932-இல் சர்க்கரைத் தொழிலுக்குக் காப்பு வரிச் சட்டம் வந்தது. அதற்குமுன் ஏறத்தாழ முப்பதாக இருந்த ஆலைகள், ஐந்தாறு ஆண்டுகளுக்குள் நூற்றுமுப்பதைக் கடந்தன. பம்பாய்க்கு அருகில் வில்லே பார்லேயில் 1929-இல் மிட்டாய்த் தொழிற்சாலை ஒன்று தோன்றி, ஆரஞ்சு மிட்டாயை அணாக் காசுக்கு எட்டும் பொருளாக்கியது. பெட்டிக்கடைதோறும் கண்ணாடிச் சாடிகள் வரிசையில் நின்றன. திருவிழாவுக்கும் திருமணத்துக்கும் மட்டும் வாய்த்த இனிப்பு, அழும் குழந்தையை அமர்த்தும் அன்றாடக் கருவியாயிற்று.

இவ்விடத்தில் கல்கத்தாவைச் சேர்ந்த ஒரு பெரியாரை நினைக்காமல் இருக்க இயலாது. அவர் டாக்டர் இரபியுத்தீன் அகமது. கிழக்கு வங்காளத்தில் 1890-ஆம் ஆண்டு பிறந்த இவர், அமெரிக்கா சென்று அயோவாப் பல்கலைக்கழகத்தில் பல் வைத்தியம் பயின்று 1915-இல் பட்டம் பெற்றார். பின்னர்ப் பாஸ்டன் நகரில் குழந்தைகளின் பற்களுக்கென்றே நிறுவப்பெற்ற பார்சைத் மருத்துவ நிலையத்தில் பணியாற்றினார். வறியவர் வீட்டுக் குழந்தைகளுக்காக அந்நிலையத்தின் பெருமாளிகை 1914-இல் திறக்கப்பெற்றது. ‘விழப்போகும் பல்’ என்று ஒதுக்கப்பட்ட பாற்பல்லுக்காக ஒரு மாளிகையே எழுந்தது என்பது அந்நாளில் சிறு செய்தியன்று.

அகமது தாயகம் திரும்பி, 1920-இல் கல்கத்தாவில் இந்தியாவின் முதற் பல் வைத்தியக் கல்லூரியைத் தொடங்கினார். அரசாங்கத்தின் பொருளுதவி கிட்டவில்லை. செலவுக்கு என் செய்தார்? ‘நியூயார்க் சோடா பவுண்டன்’ என்னும் பெயரில் குளிர்பானக் கடை ஒன்றை நடத்தி, அதன் வருவாயைக் கல்லூரிக்கு ஆக்கினார். இனிப்பு நீர் விற்ற காசில் பல் வைத்தியம் கற்பித்த விந்தை இது! இதனைக் குறையென்று நான் சொல்லமாட்டேன். கொடையாளர் எவரும் கைகொடுக்காதபோது, நகரத்தாரின் நாவையே கொடையாளராக்கிக்கொண்ட அவருடைய துணிவு பாராட்டத்தக்கது.

பல் வைத்தியத்தைத் தெருவோரத்துத் தொழிலாகவே மக்கள் கருதிய காலம் அது. தொடக்கத்தில் மாணவர் மிகச் சிலரே சேர்ந்தனர். பாத்திமா ஜின்னா இக்கல்லூரியில் பயின்று, 1923-இல் பம்பாயில் பல் மருத்துவ நிலையம் திறந்தார். அகமது 1925-இல் பல் வைத்திய இதழ் ஒன்றைத் தொடங்கினார். 1928-இல் மாணவர்க்கான கையேடு எழுதினார். வங்காளத்தில் 1939-இல் பல் வைத்தியர் சட்டம் நிறைவேற உழைத்தார். இந்தியா முழுமைக்குமான சட்டம் 1948-இல் வந்தது. தாம் வளர்த்த கல்லூரியை 1949-இல் மேற்கு வங்காள அரசாங்கத்திடம் அவர் ஒப்படைத்தார். இன்று அது அவர் பெயராலேயே வழங்குகின்றது. சென்னையில் அரசாங்கப் பல் வைத்தியக் கல்வி 1953-இல்தான் தொடங்கியது. அகமதுக்குப் பத்மபூஷண் விருது கிடைத்தது 1964-இல். அதற்கடுத்த ஆண்டு அவர் மறைந்தார்.

அவர் மறைவதற்கு மூன்றாண்டு முன்னர், 1962-இல், எலியாஸ் பாஸ் என்னும் அமெரிக்கப் பல் வைத்தியர் ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார். புட்டிப்பால் குடிப்பது பற்சொத்தைக்குக் காரணமாகுமா என்பதே அதன் வினா. இதற்குச் சரியாக நூறாண்டுக்கு முன்பே நியூயார்க் மருத்துவர் ஆபிரகாம் ஜகோபி சிறு குழந்தைகளின் சொத்தையைக் குறித்து எழுதியிருந்தும், எவரும் அதனைப் பொருட்படுத்தவில்லை. பாஸ் கண்ட குழந்தைகளின் வாய் ஒரே வகையாகச் சிதைந்திருந்தது. மேல்வரிசை முன்பற்கள் நான்கும் கரைந்து கருத்திருந்தன. கீழ்வரிசை முன்பற்கள் மட்டும் பழுதின்றி இருந்தன. குழந்தை புட்டியைச் சப்பும்போது நாக்கு கீழ்ப்பற்களின் மேல் போர்வைபோல் படிந்து அவற்றைக் காக்கின்றது. பாலோ மேற்பற்களைச் சூழ்ந்து தேங்குகின்றது. உறக்கத்தில் உமிழ்நீர் சுரப்பது குறையும். விழித்திருக்கும்போது அமிலத்தைக் கழுவிக் கரைந்த எனாமலுக்கு உப்புகளை மீட்டுத் தரும் உமிழ்நீர், இரவில் அவ்வேலையைச் செய்வதில்லை. பாற்பல்லின் எனாமல் மற்றப் பற்களினுடையதைவிட மெல்லியது. ஆகவே சில மாதங்களிலேயே பல் அழிந்துவிடுகின்றது. பாலுடன் சர்க்கரையும் கலந்தாலோ, புட்டியில் பழரசம் ஊற்றினாலோ, கேட்கவே வேண்டா.

புட்டி நம் நாட்டு நகர வாழ்வில் பரவியதும் ஏறக்குறைய இக்காலத்தில்தான். கைராக் கூட்டுறவுப் பால் உற்பத்தியாளர் 1960-இல் குழந்தை உணவுப் பொடியைச் சந்தைக்குக் கொண்டுவந்தனர். அயல்நாட்டுப் பொடிகள் முன்னரே வந்திருந்தன. வேலைக்குச் செல்லும் தாய், ஒற்றை அறை, உதவிக்குப் பாட்டி இல்லாத வீடு — இவையனைத்தும் சேர்ந்த இடம் குடியேறியவருடைய இல்லமே. எங்கள் வீட்டிலும் இரவில் அண்டை அயலார் உறக்கம் கெடாதிருக்கச் சர்க்கரையிட்ட பாற்புட்டியைக் குழந்தையின் வாயில் வைத்துவிட்டு நாங்கள் கண்ணயர்ந்ததுண்டு. மூன்றாம் வயதில் அக்குழந்தை சோற்றை மென்று உண்ண மறுத்தபோது, அதனை அடம் என்றே எண்ணினோம். அது வலி என்று பிறகே தெரிந்தது.

பால் மாற்றுப் பொருள்களுக்கும் புட்டிகளுக்கும் விளம்பரம் செய்வதைத் தடுக்கும் சட்டம் நம் நாட்டில் 1992-இல் நிறைவேறியது. தாய்ப்பாலைக் காப்பதே அதன் நோக்கம். பல் அதன் கருத்தில் இல்லை. ஆயினும் பல்லுக்கும் அதனால் நன்மையே. குழந்தைப் பருவத்துச் சொத்தை புட்டியால் மட்டும் வருவதன்று என்பது தெளிவாகவே, ‘புட்டிச் சொத்தை’ என்ற பெயர் பொருந்தவில்லை. 1994-இல் அமெரிக்க அறிஞர் கூடி ஆராய்ந்து, ‘முன்பருவப் பற்சிதைவு’ என்று பொருள்படும் பொதுப்பெயரை முன்மொழிந்தனர். ஆறு வயது நிறையாத குழந்தைக்கு வரும் சொத்தை அனைத்தும் இதில் அடங்கும்.

இனிப்பின் அளவைவிட அதனை எத்தனை முறை உண்கிறோம் என்பதே முதன்மை என்று மெய்ப்பித்தது, ஸ்வீடன் நாட்டில் லுண்ட் நகரத்து விப்பெஹோல்ம் மருத்துவ நிலையத்தில் 1945 முதல் நடந்த ஆராய்ச்சி. அது மனவளர்ச்சி குன்றியவர்களுக்கு, அவர்களுடைய இசைவின்றி, பல்லில் ஒட்டும் மிட்டாயைத் தொடர்ந்து ஊட்டி நடத்தப்பட்டது. அறிவுலகம் இன்று அதனை நினைத்து நாணுகின்றது. பயன் மட்டும் எஞ்சியுள்ளது: உணவோடு சேர்த்து உண்ணும் இனிப்பு செய்யும் தீங்கு சிறிது, உணவுக்கு இடையிடையே மென்றுகொண்டே இருக்கும் ஒட்டும் பண்டம் செய்யும் தீங்கு பெரிது.

பல்லைக் காக்கும் பொருள் ஒன்றை ஆராய்ச்சி கண்டுபிடித்த கதையில் நம் நாட்டுக்கும் பங்குண்டு. அமெரிக்காவில் கொலராடோ மலைப்பகுதி மக்களின் பற்களில் பழுப்புக் கறை இருப்பதையும், ஆனால் சொத்தை குறைவாக இருப்பதையும் பிரடெரிக் மக்கே என்னும் பல் வைத்தியர் கண்டார். குடிநீரிலுள்ள புளோரைடு உப்பே காரணம் என்பது 1931-இல் தெரியவந்தது. கிராண்ட் ராப்பிட்ஸ் நகரம் 1945-இல் தன் குடிநீரில் அதனை அளவோடு கலக்கத் தொடங்கியது. அளவு மிஞ்சினால் நேரும் கேட்டை இந்தியாவில் முதலில் அறிவித்தவர்கள், 1937-இல் அந்நாளைய சென்னை மாகாணத்து நெல்லூர்ப் பகுதியில் ஆராய்ந்த ஷார்ட் முதலிய மருத்துவர்கள். அங்குப் பற்கள் கறைபட்டதோடு, எலும்பும் விறைத்து மக்கள் முடங்கினர். மிகுந்த புளோரைடை நீரிலிருந்து அகற்ற ‘நல்கொண்டா முறை’ 1975-இல் நாகபுரி நிறுவனத்தாரால் உருவாக்கப்பெற்றது. ஊர் மாறினால் நீரும் மாறும். இராஜஸ்தானத்திலோ தெலங்கானாவின் உட்பகுதியிலோ ஆழ்கிணற்று நீரைப் பருகும் தமிழர், அந்நீரின் புளோரைடு அளவைக் கேட்டறிதல் நலம்.

இன்றைய நிலை என்ன? 2002-03-இல் நாடு தழுவி நடந்த வாய்நலக் கணக்கெடுப்பில், ஐந்து வயதுக் குழந்தைகளில் நூற்றுக்கு 51.9 பேருக்குச் சொத்தை காணப்பட்டது. உலகச் சுகாதார நிறுவனம் 2022-இல் வெளியிட்ட அறிக்கை, பாற்பல் சொத்தையுள்ள குழந்தைகளை உலக அளவில் 51 கோடிக்கு மேல் என மதிப்பிடுகின்றது. இத்சிங் இன்று வந்தால் தம் குறிப்பைத் திருத்தி எழுத வேண்டியிருக்கும்.

பாற்பல் விழப்போவது உண்மையே. ஆனால் முன்பற்கள் ஆறேழு வயது வரையிலும், கடைவாய்ப் பாற்பற்கள் பத்துப் பன்னிரண்டு வயது வரையிலும் இருந்து பணிபுரிய வேண்டியவை. அவற்றின் கீழே நிலைப்பல் உருவாகிக்கொண்டிருக்கிறது. வேரில் சீழ் கட்டினால் அதுவும் பழுதுறும். காலத்துக்கு முன் ஒரு பல்லை இழந்தால், பக்கத்துப் பல் அவ்விடத்தில் சாய்ந்து, பின்வரும் பல்லின் வழியை அடைத்துவிடும். பல் வலிக்கும் குழந்தை உண்ணாது, உறங்காது, எடையிலும் குன்றும்.

காக்கும் முறை பெருஞ்செலவுடையதன்று. பால் குடித்தபின் ஈற்றை ஈரத்துணியால் துடைக்கலாம். ஆறாம் மாத அளவில் முதற்பல் தோன்றிய நாள் முதல், இரவு உறங்குமுன்னும் காலையிலும் மென்மையான சிறு பிரஷ்ஷால் பெற்றோரே துலக்குதல் வேண்டும். மூன்று வயது வரை புளோரைடு கலந்த பற்பசை ஓர் அரிசிமணி அளவு போதும். அதன்பின் ஆறு வயது வரை பட்டாணி அளவு. பற்பசை வாங்க இயலாதவர் வெறும் பிரஷ்ஷால் துலக்கினும் நன்றே. கரித்தூளும் உப்பும் கொண்டு தேய்ப்பது மெல்லிய எனாமலைத் தேய்க்கும். வேப்பங்குச்சியோ குழந்தை வளரும்வரை காத்திருக்கட்டும். படுக்கையில் புட்டி வேண்டா. வேண்டுமாயின் வெறும் நீர் ஊற்றிக் கொடுக்கலாம். ஓராண்டு நிறையுமுன்பே கிண்ணத்தில் பருகப் பழக்குதல் நன்று. சூப்பானைத் தேனில் தோய்த்தல் கூடாது. குழந்தையின் கரண்டியைத் தாய் தன் வாயிலிட்டுச் சுவைபார்த்து ஊட்டும் வழக்கமும் தவிர்க்கத்தக்கது. தாயின் வாய்க்கிருமி அவ்வழியே குழந்தையை அடைகின்றது.

மேலுதட்டை மெல்ல உயர்த்தி, முன்பற்கள் ஈற்றைத் தொடும் இடத்தை மாதம் ஒரு முறை பார்த்துவருக. அங்குச் சுண்ணாம்புக் கோடுபோல் ஒரு வெண்மை தோன்றினால், அதுவே சொத்தையின் முதற்குறி. அந்நிலையில் பல் வைத்தியர் புளோரைடு பூசி அதனை மீட்கவும் கூடும். கருமை படர்ந்து குழி விழுந்தபின் அவ்வாறு மீட்க இயலாது. முதற் பிறந்தநாளுக்குள் ஒரு முறை குழந்தையைப் பல் வைத்தியரிடம் காட்டுதல் வேண்டும் என்பது இன்றைய மருத்துவர் கருத்து.

ஆறாம் வயதில், கடைசிப் பாற்பல்லுக்கும் பின்னால், எந்தப் பல்லும் விழாமலே பெரிய கடைவாய்ப்பல் ஒன்று மெல்ல எழும். முன்னே ஒன்று விழவில்லையாகையால், பெற்றோர் பலர் அதனையும் பாற்பல் என்றே எண்ணிவிடுகின்றனர். காசியபரின் கணக்கில் ‘ஒரு முறையே பிறப்பவை’ என்றதன் பொருள் இதற்கு முற்றும் பொருந்தும். அது விழுந்தால் மீண்டும் முளைப்பதில்லை.